இரண்டாம் டிகாஷன் குடிக்கும் லயம்

இருபத்துமூன்று வயதில் என் ஜாதகத்தை நானே திருடினேன். கல்பாத்தியில் எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில், அப்பாவின் வேட்டிகளுக்கு அடியில், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அது பத்திரமாக இருந்தது. எடுத்து என் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மலை ஏறும் பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டேன். ஜாதகம் இல்லாமல் பிள்ளை வீட்டாரோடு பேச்சே ஆரம்பிக்காது. ஒரு பெண் தன் கல்யாணத்தைத் தானே நிறுத்த எங்கள் தெருவில் இதைவிடச் சத்தமில்லாத வழி அப்போது கிடையாது.

அப்பா சும்மா இருப்பாரா? புதிதாகக் கணித்துத் தரச் சொல்லி ஜோசியரிடம் போனார். நட்சத்திரம் ஞாபகம் இருந்தது, மணி ஞாபகம் இல்லை. அம்மாவைக் கேட்டால், "பால்காரி வந்துட்டுப் போயாச்சு, பேப்பர் வரலை" என்றாளாம். அன்றைக்குப் பேப்பர் எத்தனை மணிக்கு வந்தது என்று ஜோசியர் கேட்க, ரயிலைப் பொறுத்து என்று அப்பா சொல்ல, ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார். கடிதத்தில் இதைப் படித்துவிட்டு நான் மலையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என்ன வேலை பார்த்தாய் என்று இப்போது யாராவது கேட்டால், மரபணு ஆராய்ச்சி என்று கழுத்தை நிமிர்த்திச் சொல்வேன். அன்றைக்கு அது ரத்தக் குப்பிகளைப் பனிக்கட்டி பிளாஸ்கில் தூக்கும் வேலை. மதராஸிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டரம்மாவுக்கு எழுத்து வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. மனநோய் குடும்பத்தில் ரத்தத்தோடு இறங்கி வருகிறதா, கஷ்டமும் கவலையும் அதைக் கூட்டி வருகின்றனவா, இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பது அவருடைய கேள்வி. முப்பத்தைந்து வயதிருக்கும். சத்தமான குரல், சட்டென்று வரும் கோபம், பையில் எப்போதும் வறுத்த கடலை. என் விலங்கியல் பட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. "கையெழுத்து நல்லா இருக்கு. அட்டை கடிச்சா அழுவியா?" என்று மட்டும் கேட்டார். அழமாட்டேன் என்றேன். முதல் நாளே அழுதேன், அது வேறு விஷயம்.

சித்திரபுரத்தில் ஒரு சின்ன வீட்டில் தங்கினோம். அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறி இறங்குவோம். இந்த ஆராய்ச்சிக்கு எதற்கு எஸ்டேட் என்று ஒருநாள் கேட்டேன்.

"இங்க எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே அளவு வீடு, ஒரே அரிசி. அப்படி இருந்தும் ஒருத்தருக்கு வருது, அடுத்த கதவுல இருக்கறவருக்கு வரலை. ஏன்?" என்றார். பிறகு, "அதோட, மூணு தலைமுறையும் ஒரே லயத்துல இருக்கு. பஸ் செலவு மிச்சம்" என்றார்.

லயம் என்றால் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். வீடு வீடாகப் போய் நாலு பக்க ஃபாரம் ஒன்றை நான் நிரப்ப வேண்டும். முதல் பக்கத்தில் குடும்பப் படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு மை. இரண்டாம் பக்கத்தில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று மணிவாரியாக எழுத வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன குடித்தார், எப்போது சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார், எல்லாம். மூன்றாம் பக்கத்தில் கவலைகள். நாலாவது டாக்டருக்கு. கவலைப் பக்கத்துக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. சொன்னவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், என் சரக்கை ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது.

கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் தயங்கவில்லை. ரத்தம் என்றதும்தான் கதவுகள் சாத்திக்கொண்டன. ரத்தத்தில் ஏதாவது அடையாளம் தென்படுமா என்று அப்போது எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நேரம். டாக்டர் யோசித்துவிட்டு, ரத்தம் கொடுத்தால் ஒரு அவித்த முட்டை என்று அறிவித்தார். மறுநாள் காலையில் வரிசை லயத்தைச் சுற்றி வளைந்து நின்றது. ஒருவர் மூன்று தரம் வந்தார். மூன்றாவது தரம் தலையில் முண்டாசு கட்டி வந்ததால் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்திருக்கிறார். டாக்டர் அவருக்கு ஊசி போடாமலே முட்டையைக் கொடுத்து அனுப்பினார்.

எட்டாம் லயத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா இருந்தார். அவருடைய அம்மாவுக்கு இருபது வருடமாக மனம் சரியில்லை. வெளிச்சுவர் ஓரமாக உட்கார்ந்து, வருகிற போகிற மேகத்தை எல்லாம் திட்டிக்கொண்டிருப்பார். வட்டத்துக்குள் கறுப்பு மை நிரப்புவதை அந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

"எங்காத்தாவை எதுக்கும்மா கரியாக்குறீக?"

நோய் வந்தவர்களுக்கு அடையாளம் என்றேன். பக்கத்தில் வெள்ளையாக இருந்த வட்டம் யாருடையது என்று கேட்டார். அவருடையதுதான்.

"அப்ப எனக்கும் கரி வருமான்னுதான் டாக்டரம்மா பாக்க வந்திருக்காக?"

நான் பேனா மூடியைத் திருகினேன். அவரோ கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "வந்தா வரட்டும். ஆத்தாவை நான் பாக்கேன், என்னை எம்மவ பாப்பா. மழை பெஞ்சா கூரை ஒழுகுது, அதை எழுதுனீகளா?"

கவலைப் பக்கத்தில் அதை எழுதினேன். முதலில் கூரை, இரண்டாவதும் கூரை, மூன்றாவதாகப் புருஷன் சீட்டாடுவது. அம்மாவின் நோய் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அன்று மாலை முழுவதும் எனக்கு அந்த அக்காவின் மேல் காரணமில்லாத கோபம் வந்துகொண்டிருந்தது. பொறாமைதான் அது, வேறென்ன?

ஏனென்றால் என் வீட்டிலும் ஒரு கறுப்புச் சதுரம் இருந்தது. என் அண்ணா. என்னைவிட ஐந்து வயது மூத்தவன். இருபத்துநாலு வயதில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன் தூங்குவதை நிறுத்தினான். சோற்றில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்றான். சுவரைப் பார்த்துப் பேசினான், பதிலும் கேட்டுக்கொண்டான். ஒரு வருடம் ஆஸ்பத்திரியும் மாத்திரையுமாக ஓடி, பிறகு மெல்லத் தெளிந்து வந்தான். அப்போது வாசல் அறையில் ஆறு மெஷின் போட்டு டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். அம்மாவின் சித்தப்பா ஒருவருக்கும் இப்படி இருந்ததாம். வீட்டில் அதை யாரும் பேசமாட்டார்கள். நானாகவே கூட்டிக் கழித்துக்கொண்டேன். அடுத்தது நான், இல்லாவிட்டால் எனக்குப் பிறக்கும் குழந்தை. விடை தெரியாமல் கழுத்தை நீட்டக் கூடாது என்று முடிவு செய்தேன். ஜாதகத்தைத் திருடியது அதனால்தான். இந்த வேலைக்கு வந்ததும் அதனால்தான்.

அந்த மழைக்காலத்தில் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடித்தது. டிரங்குப் பெட்டிக்குள் புடவைகளே பச்சை பூத்தன. ஜாதகத்தை எடுத்து, வீட்டிலேயே ஈரம் ஏறாத ஒரே இடமான ஃபாரங்களின் மெழுகுத்துணி உறைக்குள், அடியில் செருகி வைத்தேன். மூன்று நாள் அடைமழையில் வெளியே போக முடியவில்லை. உறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் குடும்பத்துக்கும் ஒரு ஃபாரம் நிரப்பி நடுவில் செருகிவிட்டால் என்ன? டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துக் கடைசியில் எந்தக் குடும்பத்தில் எவ்வளவு ஆபத்து என்று எழுதுவார். அப்போது என் விடையும் தானாக வந்து விழும்.

எட்டாம் லயம் என்று எழுதினேன். நம்பர் போட்டேன். அப்பாவைக் கங்காணி ஆக்கினேன், அம்மா கொழுந்து எடுத்தாள். அண்ணாவைத் தேயிலை ஃபாக்டரியில் சேர்த்தேன். அம்மா தலையில் கூடையை மாட்டியதை நினைத்து எழுதும்போதே சிரிப்பு வந்தது. அண்ணாவின் சதுரத்தைக் கறுப்பாக்கியபோது வரவில்லை. அவனுடைய கவலைப் பக்கத்தில், 'நோய் திரும்பி வருமோ என்ற பயம்' என்று நானே எழுதினேன். அவனுக்கு வேறு என்ன கவலை இருந்துவிடப் போகிறது?

இரண்டு நாள் கழித்து, மழை விட்ட பிற்பகலில், டாக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலையைக் கொறித்தபடி ஃபாரங்களைப் புரட்டினார். கொறிக்கும் சத்தம் நின்றது.

"எட்டாம் லயத்துல காலைல அஞ்சரைக்கு பில்டர் காபி குடிக்கறாங்களா?"

நான் பிளாஸ்கைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"பத்து மணிக்கு வீட்டுல உக்காந்து முழுச் சாப்பாடு. மூணு மணிக்கு டிபன், இரண்டாம் டிகாஷன்ல காபி. பத்து மணிக்கு இந்த அம்மா மலைமேல கொழுந்து எடுத்துட்டு இல்ல இருக்கணும்? சோறு வடிக்க கீழ இறங்கி வந்தாங்களா?"

எஸ்டேட்டில் சலுகை விலைக்குத் தேயிலைத் தூள் கொடுப்பார்கள். லயத்தில் எல்லோருக்கும் பால் சேர்க்காத கட்டன் சாயாதான். பத்து மாதம் அங்கேயே வளைய வந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. ஊர், வேலை, சம்பளம் என்று எல்லாவற்றிலும் கவனமாகப் பொய் சொன்ன நான், ஒரு நாள் என்றால் அது இப்படித்தான் போகும் என்று கை போன போக்கில் எழுதியிருக்கிறேன். உலகத்தில் எல்லோரும் பத்து மணிக்குச் சாப்பிட்டு மூன்று மணிக்கு இரண்டாம் டிகாஷன் குடிப்பார்கள் என்று கல்பாத்திக்காரியைத் தவிர வேறு யார் நினைப்பார்கள்!

டாக்டர் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். கறுப்புச் சதுரத்துக்குப் பக்கத்தில் இருந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தார். "நம்ம படத்துல கேள்விக்குறியே கிடையாதே. இந்த வட்டத்துல மட்டும் ஏன் பென்சில்ல ஒண்ணு?"

அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜாதகம் உறைக்குள் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பத்து மாதமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "எனக்கும் வருமா, டாக்டர்?"

"தெரியாது" என்றார்.

"இவ்வளவு ரத்தம் எடுத்திருக்கோமே?"

"தெரிஞ்சா எதுக்கு முட்டை அவிச்சுட்டு மலைமலையா அலையறேன்? குடும்பத்துல இருந்தா கொஞ்சம் கூடுதலா வரலாம்னு தோணுது. வராமலும் இருக்கும், நிறைய பேருக்கு வரலை. உனக்குன்னு பிரிச்சுச் சொல்ல என்னால ஆகாது, வேற யாராலயும் ஆகாது." பிறகுதான் கோபம் வந்தது. "நீ பண்ணின தப்பு என்னன்னு தெரியுதா? பொய் நம்பர் போட்டது கிடக்கட்டும். உங்க அண்ணாவைக் கேக்காம அவர் கவலையை நீயே எழுதியிருக்க. சொன்னவர் வார்த்தையைத்தான் எழுதணும்னு எத்தனை தடவை சொன்னேன்?"

கிழித்துவிடுகிறேன் என்றேன். நம்பர் போட்ட ஃபாரத்தைக் கிழிக்கக் கூடாதாம், சம்பந்தப்பட்டவரைக் கேட்டுத் திருத்த வேண்டுமாம். எஸ்டேட் ஆராய்ச்சியில் இது சேராது, தனியாக வைத்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த வாரம் பனிக்கட்டி பிளாஸ்கையும் மெழுகுத்துணி உறையையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினோம். வழி முழுக்க, அண்ணாவிடம் முதலில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். டாக்டர் தூங்கிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது மணி மூன்று. டிபன் நேரம். அம்மா டாக்டருக்கு ரவா உப்புமாவும் காபியும் கொண்டுவந்து வைத்தாள். டாக்டர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இரண்டாம் டிகாஷனா?"

"ஆமாம், எப்பிடித் தெரிஞ்சுது? மொதல் டிகாஷன் தீர்ந்துபோயிடுத்து" என்று அம்மா சங்கடப்பட்டாள். டாக்டர் சத்தமாகச் சிரித்தார், எனக்குக் காது சிவந்துபோயிற்று.

அண்ணா வகுப்பை அரைமணி நேரத்துக்கு முன்னால் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். டாக்டர் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். உங்கள் தங்கை உங்களைக் கேட்காமல் உங்களைப் பற்றி எழுதிவிட்டாள், திருத்த வந்திருக்கிறோம், விருப்பமில்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டாம். அண்ணா ஃபாரத்தை வாங்கிப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"என்னை ஃபாக்டரியில வேலைக்குச் சேத்திருக்கயா? எவ்வளவு சம்பளமாக்கும்?" என்றான். பிறகு டாக்டரிடம், "கேளுங்கோ, சொல்றேன். இத்தனை வருஷத்துல என்னண்ட நேரா யாரும் கேட்டதே இல்லை. என் முதுகுக்குப் பின்னாடி கேக்கத்தான் ஆளுண்டு" என்றான்.

டாக்டர் கேட்டார், அண்ணா சொன்னான், நான் எழுதினேன். எப்போது தூக்கம் போயிற்று, என்னென்ன குரல் கேட்டது, என்ன பேசிற்று. தன் நோயைப் பற்றி அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. சில இடங்களில் அவன் சிரித்தான், டாக்டரும் சிரித்தார். ரத்தம் எடுத்தபோது, எஸ்டேட்டில் முட்டை உண்டு, இங்கே என்ன தருவது என்று டாக்டர் கேட்டார். அக்ரஹாரத்தில் முட்டையா என்று கதவோரத்தில் அம்மா பதறினாள்.

மூன்றாம் பக்கம் வந்தது. நான் எழுதியிருந்த வரியை டாக்டரின் உத்தரவுப்படி அடித்தேன்.

"இப்போ உங்களுக்குப் பெரிய கவலை எது?"

"அது திரும்பி வரும்னு பயம் உண்டு, இல்லேன்னு சொல்லலை. ஆனா அதுக்கு ராத்திரி ஒரு மாத்திரை இருக்கு" என்றான் அண்ணா. பிறகு தலையால் என்னைக் காட்டினான். "இவதான் கவலை. என்னாலயாக்கும் இவ கல்யாணம் வேண்டாம்னு ஓடிப்போய் மலையில உக்காந்திருக்கா. ஜாதகம் காணாமப் போன அன்னிக்கே எனக்குத் தெரியும், இவதான் எடுத்துண்டு போயிருக்கான்னு. அப்பாகிட்ட நான் சொல்லலை. என் தங்கை என்னைப் பாத்து பயந்துட்டான்னு சொல்ல வாய் வரலை. மாத்திரை போட்டும் தூக்கம் வராத ராத்திரி உண்டுன்னா, அது இதை நெனச்சுத்தான்."

என் பேனா நின்றுவிட்டது.

"எழுது" என்றார் டாக்டர். "அவர் சொன்னதை அப்படியே எழுது."

எழுதினேன். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று மலை மலையாக ஏறித் தேடினேன். அவனுடைய தூக்கத்தை அரித்துக்கொண்டிருந்த கவலை நான்தான் என்பதை என் கையாலேயே எழுத வேண்டி வந்தது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. மை ஒரு இடத்தில் கலங்கிப் பரவியது, அந்த ஃபாரத்தில் இன்றைக்கும் அது இருக்கும்.

பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி பாக்கி. இந்தக் கவலை குறைய என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?

"அதை எழுதறவகிட்டன்னா கேக்கணும்" என்றான் அண்ணா.

மெழுகுத்துணி உறைக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஜாதகத்தை எடுத்து அவன் மடியில் வைத்தேன். மஞ்சள் மூலையில் லேசாகத் தேயிலை வாசனை அடித்தது. உள்ளேயிருந்து வந்த அப்பா அதைப் பார்த்து, "ஏண்டி, அது வேஷ்டிக்கு அடியில இல்லையோ இருந்தது?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். டாக்டர் பென்சில் அழிப்பானை எடுத்து என் வட்டத்திலிருந்த கேள்விக்குறியை அழித்தார். "நம்ம படத்துல இது கிடையாது" என்றார்.

அன்று சாயங்காலமே அண்ணா ஜாதகக் குறிப்பை இங்கிலீஷில் டைப் அடித்தான், கார்பன் வைத்து ஆறு காப்பி. கட்டங்களுக்குக் கீழே, யாரையும் கேட்காமல், தானாக ஒரு வரி சேர்த்தான். பெண்ணின் தமையனுக்கு மனநோய் வந்து குணமாகியிருக்கிறது, இதைத் தெரிந்துகொண்டு விருப்பமுள்ளவர்கள் எழுதலாம் என்று அர்த்தம். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆறு உறைகளிலும் விலாசம் எழுதியது நான்தான்.

முதல் ஐந்து காப்பியும் பொருத்தமில்லை என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தன. ஆறாவதில் கார்பன் தேய்ந்து எழுத்து மங்கியிருந்தது. அதை வாங்கிய வரன் கடைசி வரி படிக்க முடியவில்லை என்று சொல்லி, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரிலிருந்து தன் அம்மாவோடு நேரே வந்துவிட்டார். அண்ணா தாளை வாங்கி, வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் அந்த வரியைத் தானே உரக்கப் படித்தான்.

"இந்தத் தமையன்னு போட்டிருக்கறது..." என்று வந்தவர் இழுத்தார்.

"நானேதான்."

"இப்போ தூக்கமெல்லாம் எப்பிடி?"

"முன்னாடி ஒரு கவலை இருந்தது. இப்போ இல்லை" என்றான் அண்ணா.

வந்தவர் அவன் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்து, கார்பன் பேப்பர் எங்கே வாங்குகிறீர்கள், இவ்வளவு மங்கலாக விழுகிறதே என்று கேட்டார். உள்ளே நான் அம்மாவைத் தள்ளிவிட்டு, புதுப் பொடி போட்டு, முதல் டிகாஷனில் காபி கலந்து எடுத்துக்கொண்டு போனேன்.